ஹாண்டிலை உயர்த்த முன்னம்

போன கிழமை தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். கறுப்புப் பைக் ஒன்று. அதன் ஹாண்டில் கிடாய்க் கொம்பு மாதிரி நெஞ்சளவுக்கு உயர்ந்து நின்றது. கீழே ஒரு வரி: "அக்கா, எனக்கும் இப்பிடிப் போடவேணும். உன்ர பைக்குக்கு ஆரிட்டக் குடுத்தனி?"

ஆரிடம் கொடுத்தேன் என்பதைவிட, எதற்காகப் போட்டேன், போட்டபோது எங்கே பிழைத்தது என்பதைத்தான் அவனுக்குச் சொல்லவேண்டும். இதையே யோசிக்கிற வேறு தம்பிமாரும், பைக் ஓடுகிற தங்கச்சிமாரும் இருப்பீர்கள். அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து வேலணைக்கு வேலைக்குப் போய்வருகிறவள். பலாலி வீதியால் ரவுணுக்கு இறங்கி, பண்ணைப் பாலம் ஏறி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டிப் போகிற பாதை. ஓடுவது பழைய டிஸ்கவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, நாட்டில் கிடந்த பைக்குகளைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். 2025 இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியும் புதுசின் விலை எனக்குக் கட்டவில்லை. இருக்கிற பைக்கை என் உடம்புக்கு ஏற்றதாக ஆக்குவதுதான் மிச்சமிருந்த வழி.

உடம்பு சொன்னது கையில்தான். பாலம் தாண்டும்போதே பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துவிடும். பின்னேரம் வீடு வந்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உளைவு. எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கோ, அது முக்கியம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டு மடிந்து நடு நரம்பு நெரிபடுகிறது. சின்னவிரலும் மோதிரவிரலும் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் பாரம் விழுகிறது, அல்லது முழங்கைப் பக்க நரம்பு அழுத்தப்படுகிறது. பைக்கை விட்டு இறங்கியும், இரவு படுக்கையிலும் மரப்பு இருந்தால் கராச்சுக்குப் போகமுன் டாக்குத்தரிடம் போங்கோ. ஹாண்டில் மாற்றி அந்த நோய் மாறாது.

இன்னொன்று. ஹாண்டில் மாற்றமுன் சதம் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதைப் பலர் செய்வதில்லை. பைக்கை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, நீங்கள் ஓடுகிற மாதிரியே இருந்து, கிளச் லீவரிலும் பிறேக் லீவரிலும் விரல்களை வையுங்கோ. முழங்கையில் இருந்து விரல் நுனிவரைக்கும் கை ஒரே கோட்டில் சரிவாக இறங்கவேண்டும். லீவர் மேலே தூக்கி நின்றால் ஒவ்வொரு முறை கிளச் பிடிக்கும்போதும் மணிக்கட்டு பின்னால் மடியும். கிளச் பிடியின் போல்ட்டை இளக்கி லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பிவிட்டால் போதும். ஹாண்டிலையும் அதன் பிடிக்குள் சற்றே முன்பின்னாகத் திருப்பலாம். எனக்கு இந்த வேலையிலேயே மரப்பில் பாதி போய்விட்டது. தோள் உளைவு மட்டும் நின்றது. அதற்குத்தான் உயர்த்தினேன்.

நிமிர்ந்து இருந்து ஓடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அம்மாமார் ஓடிய ஹொண்டா சாலியின் ஹாண்டிலைப் பாருங்கோ. சாறியோடு நேராக இருந்து, முழங்கை மடிந்து, தோள் இறங்கி ஓடுவார்கள். லுமாலாச் சைக்கிளிலும் அதே இருப்புத்தான். படத்துக்காக உயர்த்துகிற ஹாண்டில் வேறு, அந்த இருப்பைத் திரும்ப எடுப்பதற்காக உயர்த்துகிற ஹாண்டில் வேறு. 1969 இல் வந்த ஈசி ரைடர் என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்து உலகம் முழுக்க இளம் ஆட்கள் ஹாண்டிலை வானத்துக்கு ஏற்றினார்கள். ஆனால் அந்தப் படத்துப் பைக்கின் போர்க்கும் நீட்டியது, சட்டமும் அதற்காகவே மாற்றியது. எங்கள் டிஸ்கவருக்கும் ஸ்பிளெண்டருக்கும் அதில் ஒன்றும் பொருந்தாது.

அளவு எடுக்கிற விதம்

கடைக்குப் போய் "உயர ஹாண்டில் ஒன்று தாங்கோ" என்று கேட்காதையுங்கோ. அவர்கள் இருக்கிறதைத் தருவார்கள். முதலில் வீட்டில் அளவு எடுங்கோ. இதற்கு இரண்டு பேர் வேண்டும். பைக்கை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, நீங்கள் வழமையாக இருக்கிற இடத்தில் இருங்கோ. கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்று மடித்து, கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கோ. மற்ற ஆள் தையல் அளவு நாடாவால் உங்கள் கைமுட்டிக்கும் இப்போதைய கிறிப்புக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்கவேண்டும்: மேலே எவ்வளவு, பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு. மூன்று கணக்கையும் எழுதி வையுங்கோ.

எனக்கு வந்தது மேலே இரண்டரை அங்குலம், பின்னே ஒன்றரை அங்குலம். பக்கவாட்டில் ஒன்றும் தேவைப்படவில்லை. கவனியுங்கோ, எனக்குத் தேவைப்பட்டது உயரம் மட்டுமல்ல, பின் வளைவும்தான். குட்டையான ஆட்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதுதான் கதை. ஹாண்டில் தாழ்வாக இருப்பதைவிடத் தூரமாக இருப்பதே கரைச்சல்.

நம்பிக்கை வராவிட்டால் தம்பி எனக்குச் செய்து தந்த ஒரு வேலையைச் செய்து பாருங்கோ. எஸ்லோன் பைப் துண்டும் நாலு வளைவு மூட்டும் வாங்கி, அந்த அளவில் ஒரு பொய் ஹாண்டில் பொருத்தி, இப்போதைய ஹாண்டிலோடு கயிற்றால் கட்டிவிட்டு அதில் கையை வைத்து அரை மணித்தியாலம் இருந்து பாருங்கோ. ஓடக்கூடாது, இருந்து பார்க்கத்தான். பத்து நிமிடத்தில் கை களைத்தால் அந்த உயரம் உங்களுக்குரியது அல்ல. கை தோளுக்கு மேலே போனால் இரத்தம் ஏற மாட்டாமல் மரக்கும், அதுவும் இதில் தெரியும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டமே ஓடுகிறவரின் கை தோளுக்கு மேலே 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நான் சொல்வேன், எங்கள் பாதைக்குத் தோளுக்குக் கீழே ஒரு சாண் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு அளவு. ஹாண்டில் குழாயின் தடிப்பு: எங்கள் ஊரில் ஓடுகிற இந்திய, ஜப்பான் சின்னப் பைக்குகளில் பெரும்பாலும் 22 மில்லிமீற்றர். நடுவில் தடித்து, முனையில் மெலிந்த ஹாண்டில்களும் விற்கிறார்கள். அவற்றின் நடுப்பகுதி 28.6 மில்லிமீற்றர், உங்கள் பிடிக்குள் போகாது. அடுத்தது அகலம். உங்கள் வீட்டுப் படலையையும் ஒழுங்கையையும் நினைத்துப் பாருங்கோ. திருநெல்வேலிச் சந்தையடியில் காலை எட்டு மணிக்கு மரக்கறி மூட்டைக்கும் ஓட்டோவுக்கும் நடுவால் போகவேண்டியவர்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் கூடினாலே தெரியும்.

எனக்குப் பிழைத்த இடம்

அளவெல்லாம் சரியாக எடுத்து, நல்ல ஹாண்டில் வாங்கி, ஒரு கராச்சில் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார்கள். பார்க்க வடிவு. இருந்து பார்த்தேன், சுகம். பரமேஸ்வராச் சந்தியில் திருப்பினேன். இடப்பக்கம் முழுக்க ஒடித்த அந்த நேரம், நான் அக்சிலேற்றரைத் தொடாமலே என்ஜின் கத்தத் தொடங்கியது. பைக் முன்னே பாய்ந்தது. கிளச்சைப் பிடித்துத் தப்பினேன். பக்கத்தில் சைக்கிளில் நின்ற பிள்ளையின் முகம் இன்றைக்கும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஹாண்டில் உயர்ந்தது, அக்சிலேற்றர் கேபிள் நீளவில்லை. நேரே ஓடும்போது எட்டியது. ஒரு பக்கம் ஒடித்தவுடன் கேபிள் இழுபட்டு, கை முறுக்கியதுபோலக் காபரேற்றரைத் திறந்துவிட்டது.

ஹாண்டில் வெறும் குழாய் அல்ல. அக்சிலேற்றர் கேபிள், கிளச் கேபிள், முன் பிறேக்கின் கேபிள் அல்லது ஹோஸ், இரண்டு பக்கச் சுவிச்சுகளின் வயர்கள், சில பைக்கில் சோக் கேபிள்: இத்தனையும் அதில் தொங்குகின்றன. ஹாண்டில் ஏறினால் இவை எல்லாம் கூட ஏறவேண்டும். ஓர் அங்குலம் உயர்த்தினால் பழைய கேபிளை வேறு வழியால் எடுத்து ஒப்பேற்ற முடியலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் கேபிள் மாற்றுகிற காசையும் முதலிலேயே கணக்கில் சேருங்கோ. அந்தக் காசு இல்லாவிட்டால் காசு சேரும்வரை ஹாண்டிலை வீட்டில் வைத்திருங்கோ.

கராச்சை விட்டு வெளியே எடுக்கமுன் இந்தச் சோதனையை நீங்களே செய்யுங்கோ, மெக்கானிக் அண்ணை சொன்னாலும் செய்யுங்கோ. நியூற்றலில் என்ஜினை ஓடவிட்டு, ஹாண்டிலை மெதுவாக இடப்பக்கம் முட்டும்வரை திருப்புங்கோ, பிறகு வலப்பக்கம். சத்தம் ஒரு பொட்டும் கூடக்கூடாது. கூடினால் அக்சிலேற்றர் கேபிள் போதாது. இரண்டு முனையிலும் நிறுத்தி ஹோன் அடியுங்கோ, சிக்னல் போடுங்கோ, பிறேக் பிடித்துப் பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கோ. ஒரு முனையில் வேலை செய்யாவிட்டால் வயர் இழுபடுகிறது. கிளச் லீவர் நுனியில் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் சும்மா ஆடவேண்டும், அந்த ஆட்டம் இரண்டு பக்கம் திருப்பினாலும் இருக்கவேண்டும். இல்லையென்றால் கிளச் எப்போதும் பாதி பிடித்தபடி ஓடி, தட்டுகள் எரிந்துவிடும். முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஹாண்டிலைத் திருப்பிப் பாருங்கோ. சில்லு இறுகினால் பிறேக் கேபிள் கட்டை. கடைசியாக, முழுக்க ஒடித்த நிலையில் உங்கள் பெருவிரல் பெற்றோல் தாங்கியில் நசிபடுகிறதா என்று பாருங்கோ. பின் வளைவு கூடிய ஹாண்டிலில் இது நடக்கும். திறப்புப் போட்டு ஹாண்டில் பூட்டும் பூட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கோ.

நீளமான கேபிள் கிடைக்காவிட்டால் கம்பியை நீட்டி, நுனியில் திருகு நிப்பிள் போட்டுத் தருகிறேன் என்பார்கள். கிளச்சுக்குப் போட்டால் கூடிப்போனால் வழியில் நிற்பீர்கள். பிறேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் வேண்டவே வேண்டாம். அதே கம்பனியின் வேறு மொடலில் நீளமான கேபிள் இருக்கும். பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோய்ச் சாமான் கடையில் பக்கத்தில் வைத்து அளந்து எடுங்கோ. எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

டிஸ்க் பிறேக் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. ஹோஸ் இழுபட்டால் கேபிள் மாதிரி எச்சரிக்கை தராது, ஒரு நாள் மூட்டில் கசியும். நீளமான ஹோஸ் போடும்போது மூட்டில் உள்ள செப்பு வாசர்களைப் புதிதாகப் போடவேண்டும், பழையது இறுகாது. பிறேக் ஒயிலின் தரம் சாடியின் மூடியில் எழுதியிருக்கும், அதையே ஊற்றவேண்டும். உள்ளே போன காற்றை முழுக்க எடுக்கவேண்டும். லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று இன்னும் இருக்கிறது. அந்த நிலையில் பைக்கை எடுத்துவர மறுங்கோ. ஹாண்டில் வளைவு மாறும்போது ஒயில் சாடியும் சரியும். பைக் நேரே நிற்கும்போது சாடி மட்டமாக இருக்கும்படி திருப்பச் சொல்லுங்கோ. அந்த ஒயில் தாங்கியில் சிந்தினால் பெயின்ற் உரியும், உடனே தண்ணீரால் கழுவுங்கோ.

சுவிச்சுப் பெட்டியின் உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும். ஹாண்டிலில் உள்ள துளைக்குள் அது போய் இருந்தால்தான் பெட்டி சுழலாமல் நிற்கும். புது ஹாண்டிலில் துளை இல்லாவிட்டால் சிலர் முளையை வெட்டிவிடுவார்கள். வெட்ட விடாதையுங்கோ. வலப்பக்கப் பெட்டி சுழன்றால் அக்சிலேற்றரும் கூடச் சுழலும். துளையைத்தான் போடவேண்டும், அதுவும் ஓரிடத்தில், அளந்து. வயர் நீட்டுவதென்றால் ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்குகிற உறை போடவேண்டும். முறுக்கிப் பிளாஸ்ரர் ஒட்டினால் முதல் மாரியோடு சரி.

ஹாண்டிலைப் பிடிக்கிற நாலு போல்ட்டுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பல பைக்குகளில் மேல் மூடியின் ஒரு பக்கத்தில் புள்ளி அடித்திருக்கும். அது முன்பக்கம் வரவேண்டும். முன் போல்ட் இரண்டையும் முதலில் இறுக்கி, பிறகு பின் போல்ட்டுகள். ஒரு கிழமை ஓடியபின் நாலையும் திரும்ப ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கோ.

ஒட்டு வேலை வேண்டாம்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாள்களில் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் எங்களது. இல்லாத சாமானைக் கையால் செய்து ஒரு சமூகத்தையே ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்மார். அந்தக் கைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் இது அந்தக் காலம் இல்லை. தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்த ஹாண்டிலையோ, பழைய ஹாண்டிலை நடுவில் வெட்டித் துண்டு வைத்து ஒட்டிய ஹாண்டிலையோ பூட்டாதையுங்கோ. ஒட்டின இடத்துக்குப் பக்கத்து இரும்பு சூட்டில் பலம் குறைந்துவிடும். குழியில் விழுந்து விழுந்து அதிலே மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடும், குரோம் பூச்சுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாது. அது உடைகிற நேரம் நீங்கள் பிறேக்கை இறுக்கிப் பிடித்து, முழுப் பாரத்தையும் ஹாண்டிலில் போட்டிருக்கிற நேரமாகத்தான் இருக்கும். எங்கள் உப்புக்காற்றில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

தம்பியின் பைக் பல்சர் 220. அதில் ஒரே குழாயாக ஹாண்டில் இல்லை. இரண்டு துண்டு, போர்க்கின் இரண்டு காலையும் தனித்தனியாகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பைக்குக்கு உயரக் குழாய் போடுவதென்றால் போர்க்கின் மேல்தட்டையே மாற்றவேண்டும், அல்லது துளைத்துப் பிடி பூட்டவேண்டும். முகப்புக் கவசமும் இடிக்கும். தம்பி, உன்ர பைக்குக்கு இது வேண்டாம். அதற்கென்றே செய்த, சற்று உயரமான இரண்டு துண்டுப் பிடி கிடைத்தால் போடு. நிமிர்ந்து ஓடுவதுதான் ஆசை என்றால் நிமிர்ந்து ஓடுகிற பைக்கை வாங்கு. பஜாஜ் கம்பனியே 2015 இல் அவெஞ்சரை, தட்டை ஹாண்டில் போட்ட ஸ்ரீற், உயர ஹாண்டில் போட்ட குரூஸ் என்று இரண்டாகப் பிரித்து விட்டது. செய்தவர்களே கேபிளும் வயரும் அளந்து போட்ட பைக் அது.

குழாய் ஹாண்டில் உள்ளவர்களுக்கு ஓர் எளிய வழியும் உண்டு. பழைய ஹாண்டிலையே வைத்துக்கொண்டு, அதன் பிடிக்குக் கீழே ஓர் அங்குல உயர்த்தித் துண்டு போடலாம். பலருக்கு அதுவே போதும்.

பாலத்தில்

நிமிர்ந்து இருந்தால் காற்று நெஞ்சில் அடிக்கும். திருநெல்வேலிக்குள் வீடும் மதிலும் மறைக்கும், தெரியாது. சோளகம் பெயர்ந்த நாளில் பண்ணைப் பாலத்தில் ஏறினால் தெரியும். இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. குனிந்து ஓடிய காலத்தில் காற்று முதுகுக்கு மேலால் போனது. இப்போது பக்கத்தில் இருந்து தள்ளுகிறது. தள்ளும்போது பயத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால், உடம்பு ஆடுகிற ஆட்டம் முழுக்க முன் சில்லுக்குப் போகும். முழங்காலால் தாங்கியை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, வீதி ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே ஓடுங்கோ. எதிரே பஸ் வந்தால் அது கடக்கும் கணம் காற்று நின்று, கடந்தவுடன் திரும்ப அடிக்கும். அதை முன்கூட்டியே நினைத்திருங்கோ.

உடம்புப் பாரம் பின்னே போவதால் முன் சில்லும் கொஞ்சம் இலேசாகும். பின்னால் அம்மாவையும் ஏற்றி, அரிசி மூட்டையும் கட்டினால் இன்னும் இலேசாகும். மழை பெய்த செம்மண் ஒழுங்கையில் முன் பிறேக்கைப் பழைய மாதிரிப் பிடித்தால் வழுக்கும். புது ஹாண்டிலோடு முதல் இரண்டு கிழமை பின்னால் ஒருவரையும் ஏற்றாதையுங்கோ. ஞாயிறு விடிய, ஆள் நடமாட்டம் இல்லாத வீதியில் பிறேக் பிடித்தும், எட்டுப் போட்டும் பழகுங்கோ. கண்ணாடிகளைத் திரும்பச் சரிப்படுத்துங்கோ. கை உயர்ந்தவுடன் கண்ணாடியில் உங்கள் முழங்கை மட்டும்தான் தெரியும்.

காப்புறுதிக் கம்பனிக்கு ஹாண்டில் மாற்றியதைச் சொல்லி, அவர்கள் ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கோ. விபத்து நடந்தபிறகு சொல்லப் போனால் கேள்வி வேறு மாதிரி வரும். பெரிய உயரம் போட நினைக்கிறவர்கள் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கோ. பழைய ஹாண்டிலையும் கேபிள்களையும் எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றி வீட்டில் வையுங்கோ. விற்கிற நாளில் வாங்குகிறவர் கேட்பார்.

எனக்குத் தோள் உளைவு மாறி எட்டு மாதம். வேலணை போய் வந்து, அதே கையால் பிட்டுக்கு மா குழைக்கிறேன்.

தம்பி, சனிக்கிழமை பின்னேரம் பைக்கைக் கொண்டு வா. அளவு நாடா என்னட்ட இருக்கு. காசை அதுக்குப் பிறகு எடு.